பிளந்த கட்டையில் பிறந்த வில்

வில் செதுக்கத் தெரிந்தவனுக்குக் குறுக்குவில்லில் பாதி வேலை முடிந்த மாதிரி. கையில் பிடிக்கும் வில்லைக் கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்து, ஒரு நீளக் கட்டையின் முனையில் குறுக்கே வைத்துக் கட்டினால் உருவம் வந்துவிடும். தொல்லையெல்லாம் மறுபாதியில்தான். இழுத்த நாணை எங்கே மாட்டுவது? மாட்டியதைக் கட்டை துள்ளாமல், குறி பிசகாமல் எப்படி விடுவது? கைவில்லுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. விரல்தான் அங்கே பூட்டு. அந்த விரலின் இடத்தில் வேறெதையாவது வைக்க வேண்டும் என்று எவனோ உட்கார்ந்து யோசித்த நாளில்தான் குறுக்குவில் பிறந்தது.

இரும்பும் வெண்கலமும் கையில் இருந்தவர்கள் இதற்குக் கண்டுபிடித்த விடைகள் அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. எனக்குப் பிடித்த விடை வேறு. ஆணி இல்லை, கீல் இல்லை, சுருள்வில் இல்லை, உலோகம் ஒரு குன்றிமணி அளவுகூட இல்லை. கத்தியும் ஒரு துண்டு மரமும் போதும்.

அது இப்படி. கட்டையின் மேல்முகத்தில் குறுக்கே ஒரு காடி வெட்ட வேண்டும். நாணைப் பின்னுக்கு இழுத்து அந்தக் காடியில் இறக்கினால் அதன் முன்விளிம்பு நாணைப் பிடித்துக்கொள்ளும். ஆள் ஒருவனின் முழுப் பலத்தோடு இழுத்த நாணும் அதில் அசையாமல் நிற்கும். இப்போது அதை வெளியே எடுக்க வேண்டும். கட்டைவிரலால் நெம்பலாம்தான், ஆனால் நெம்புகிற நெம்பலில் குறி எங்கோ போய்விடும். ஆகவே காடியின் அடியில் மேலிருந்து கீழாக ஒரு துளை. துளைக்குள் கீழிருந்து ஏறும் ஒரு முளை. முளை ஏறினால் நாண் காடியிலிருந்து வெளியே தள்ளப்பட்டு முன்னால் பாயும். அந்த முளையை யார் ஏற்றுவது, எதில் பொருத்துவது? இங்கேதான் செய்தவனின் மூளை தெரிகிறது. அவன் புதிதாக ஒரு நெம்புகோலைத் தேடிப் போகவில்லை. கட்டையையே வால்பக்கத்திலிருந்து நீளவாக்கில் பிளந்துவிட்டான். மேல்பாதியில் காடி, கீழ்ப்பாதியில் முளை. இரண்டு பாதியையும் வாய் பிளக்க வைத்து நடுவில் ஒரு சின்ன ஆப்பைச் செருகினால் முளை கீழே இறங்கிவிடும், நாண் காடியில் உட்காரும். ஆப்பை விலக்கினால் மரம் தன் இயல்பான விறைப்பில் மூடிக்கொள்ளும், முளை எழும், அம்பு போய்விடும்.

சுருள்வில்லின் வேலையையும் கீலின் வேலையையும் ஒரே பிளவு செய்கிறது. இதைவிடச் சிக்கனமான விசையை நான் பார்த்ததில்லை.

இது எப்போது, எங்கே பிறந்தது என்று கேட்டால் மண் பதில் சொல்லாது. மரம் மக்கிப்போகும். சீனத்தில் சியான் நகருக்கு அருகே சின் பேரரசரின் சுடுமண் வீரர்களைத் தோண்டி எடுத்தபோது, அவர்களோடு புதைத்த குறுக்குவில்களில் வில்லும் தண்டும் உளுத்துப் போயிருந்தன. வெண்கல விசைகள் மட்டும் நேற்று வார்த்தது போலக் கிடைத்தன. கி.மு. 210ஐ ஒட்டிய காலத்துப் பொருள்கள் அவை. பல்லும் நெம்பும் அச்சாணியுமாகப் பல துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும் அந்த விசையைப் பட்டறையும் அரசும் இல்லாமல் செய்ய முடியாது. கிரேக்கர்களின் பழைய குறுக்குவில்லை வர்ணித்த ஹீரோன், அடிப்பகுதியை வயிற்றால் அழுத்தி நாணேற்றும் பொறி என்கிறார். அதுவும் ஆயுதக் கிடங்கில் பிறந்ததுதான். மதுரைக் கோட்டை மதிலில் தானே வளைந்து அம்பெய்யும் பொறி இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும்போது அதுவும் அரண்மனைச் சொத்து. ஊருக்கு வெளியே, காட்டோரத்தில், வேட்டைக்காரன் செய்துகொண்ட மரவில் இவற்றுக்கு முன்பா பின்பா என்று அடித்துச் சொல்ல ஆதாரம் மிஞ்சவில்லை. வெண்கலம் கிடைத்த இடத்தில் தொடங்குகிறது வரலாறு, அவ்வளவுதான்.

அங்கங்கே சில சிதறல்கள் உண்டு. தெற்கு பிரான்சில் லெ ப்யூயி ஊர்ப் பக்கம் ரோமானியர் காலத்துப் புடைப்புச் சிற்பங்களில் வேட்டைச் சாமான்களோடு ஒரு குறுக்குவில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் விஜியன்ஸில் உள்ள ட்ராஸ்டன் கல்லில், தலையை மூடிய ஒருவன் காட்டுப்பன்றியைக் குறிவைத்து மண்டியிட்டிருக்கிறான். அவன் கையில் இருப்பதும் இதுதான். அந்த நாட்டின் தென்மேற்கே பஸ்டன் என்ற ஏரிக் குடியிருப்பில், நாணைப் பிடித்து வைக்கும் சிறு உருளை ஒன்று கொம்பில் கடைந்தது கிடைத்தது. தென்கிழக்குப் பிரான்சின் பலாத்ரூ ஏரிக்கரையில் 1000ஆம் ஆண்டை ஒட்டி ஒரு சிறு கூட்டம் குடியேறியது. உழுதார்கள், மீன் பிடித்தார்கள், குதிரையும் ஏறினார்கள். முப்பது நாற்பது வருடத்துக்குள் ஏரி நீர் உயர்ந்து அவர்களை விரட்டிவிட்டது. விட்டுப்போன கரண்டி, சதுரங்கக் காய், இசைக்கருவி எல்லாவற்றையும் சேற்று நீர் காப்பாற்றி வைத்திருந்தது. கூடவே குறுக்குவில்லின் மரப் பாகங்களும் கிடைத்தன. மரம் மிஞ்ச வேண்டுமானால் இப்படி ஊரே மூழ்க வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிந்தைய ஐரோப்பியக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1139இல் இரண்டாம் லாட்டரன் சங்கம் கிறிஸ்தவர்கள் மேல் குறுக்குவில் எய்யக் கூடாது என்று தடை போட்டது, யாரும் கேட்கவில்லை. 1199இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் ஷாலுஸ் கோட்டை முற்றுகையில் குறுக்குவில் அம்பு பட்டு, புண் புரையோடி இறந்தார். பிறகு எஃகு வில், பற்சக்கரம், கைராட்டினம் என்று விலை ஏறிக்கொண்டே போனது. அந்தப் பாதையில் நாம் போக வேண்டாம். பணம் இருக்கிறவன் கதை அது.

பணமில்லாதவனின் வில்லை முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் பால் டு ஷாயு. 1850களில் இன்றைய கபோன் நாட்டுக் காடுகளில் அலைந்து, கொரில்லாவை வெளியுலகத்துக்குக் கதை கதையாகச் சொன்னவர். 1861இல் அவருடைய புத்தகம் வந்தபோது லண்டனில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் புளுகன் என்றார்கள். கொரில்லா விஷயத்தில் எப்படியோ, ஃபாங் மக்களின் குறுக்குவில்லைப் பற்றி அவர் எழுதியதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட வில்கள் பின்னாளில் எத்தனையோ அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தன.

ஃபாங் வில்லின் தண்டு நீளம், மெல்லியது. முதலில் சொன்ன பிளந்த கட்டை விசைதான் இதிலும். முனையில் உள்ள வில்லோ குட்டை, அதனாலேயே பயங்கர விறைப்பு. கையால் இழுத்து வளைக்க முடியாது. தரையில் உட்கார்ந்து, தண்டுக்கு இருபுறமும் வில்லின் மேல் பாதங்களை ஊன்றி, இரண்டு கையாலும் நாணைப் பிடித்து முதுகு நிமிர இழுக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு அவர்கள் எய்தது என்ன தெரியுமா? ஒரு சிம்பு. மூங்கில் குச்சி மாதிரி, ஒரு சாண் சொச்சம் நீளத்தில் சீவிய மெல்லிய சிம்பு. ஊதினால் பறந்துவிடும் என்பது மிகையே இல்லை. தண்டின் பள்ளத்தில் வைத்தால் காற்றுக்கே நழுவிவிடும் என்பதால் வில்லின் அடியில் ஓர் உருண்டைப் பிசின் ஒட்டி வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் எடுத்துப் பள்ளத்தில் தடவி, அம்பை லேசாக ஒட்டி நிறுத்துவார்கள்.

அந்தச் சிம்பு யாரையும் குத்திக் கொல்லாது. அதன் நுனியில் நஞ்சு இருந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் அம்பு நஞ்சுக்குப் பெயர் போனவை ஸ்ட்ரோபாந்தஸ் கொடிகள். அவற்றின் விதையில் இதயத்தை நிறுத்தும் சத்து இருக்கிறது. எடின்பரோவில் மருத்துவர் தாமஸ் ஃப்ரேசர் இதே இனக் கொடியின் நஞ்சை ஆராய்ந்ததன் விளைவாக அது சிறிய அளவில் இதய மருந்தாகவே புழக்கத்துக்கு வந்தது. அம்பு ஆழமாகப் போக வேண்டியதில்லை, தோலைக் கீறினால் போதும். மிருகம் கொஞ்ச தூரம் ஓடும், விழும்.

இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு கணக்கு புரிந்தது. குறுக்குவில் என்றால் கைவில்லைவிட வலியது என்று நாம் சினிமா பார்த்து நினைத்துக்கொள்கிறோம். ஒரே இழுவையுள்ள கைவில்லையும் குறுக்குவில்லையும் பக்கத்தில் வைத்தால் கைவில்தான் ஜெயிக்கும். அம்புக்குப் போய்ச் சேரும் சக்தி, இழுவையின் பலத்தை மட்டும் பொறுத்ததில்லை, நாண் எவ்வளவு தூரம் அம்பைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதையும் பொறுத்தது. நெடுவில்லில் அந்தத் தூரம் ஒரு முழத்துக்கு மேல். குட்டையான குறுக்குவில்லில் ஒரு சாண் வந்தால் பெரிது. இந்தக் குறையை ஈடுகட்ட ஐரோப்பியப் படைகள் எஃகைத் தேடிப் போயின. காட்டுக்காரன் நஞ்சைத் தேடிப் போனான்.

பிறகு எதற்குக் குறுக்குவில்? காத்திருக்கத்தான். முழுதாக இழுத்த கைவில்லை எவ்வளவு பெரிய வில்லாளியும் சில நொடிக்கு மேல் பிடித்து வைக்க முடியாது, தோள் நடுங்கிவிடும். குறுக்குவில் நாணேறியபடி மடியில் கிடக்கும். குரங்கு கிளை மாறி, இலை விலகி, மார்பு தெரியும் வரைக்கும் வேட்டைக்காரன் அசையாமல் உட்காரலாம். துப்பாக்கி போலச் சத்தமில்லை, ஒன்று விழுந்தாலும் மற்றவை அதே மரத்தில் இருக்கும். மத்திய ஆப்பிரிக்காவின் ஆக்கா மக்கள் குரங்கு வேட்டைக்குக் குறுக்குவில்லை இருபதாம் நூற்றாண்டிலும் விடாமல் வைத்திருந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். மரவில்லில் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நாள் முழுக்க நாணேற்றியே வைத்தால் மரம் அந்த வளைவிலேயே படிந்து துவண்டுவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டில் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. மற்ற இடங்களில் நாடு வாரியாகப் பொருள்களை அடுக்குவார்கள். இங்கே வகை வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். உலகத்துப் பூட்டெல்லாம் ஓரிடம், புல்லாங்குழலெல்லாம் ஓரிடம், வில்லெல்லாம் ஓரிடம். 1891 முதல் 1939இல் இறக்கும் வரை அதன் காப்பாளராக இருந்தவர் ஹென்றி பால்ஃபர். இப்படி அடுக்கி வைத்த இடத்தில் நடமாடுகிறவருக்கு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் இரண்டு பொருள்கள் தோளோடு தோள் உரசி நிற்பது கண்ணில் படாமல் போகாது. 1909இல் அவர் மேற்கு ஆப்பிரிக்கக் குறுக்குவில்களின் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கபோன் காட்டு வில்லின் பிளந்த தண்டுக்குச் சரியான ஜோடியை அவர் காட்டிய இடம் நார்வே. அங்கே அதை வைத்து வேட்டையாடியது திமிங்கிலத்தை.

அந்தத் திமிங்கில வேட்டையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெர்கன் நகருக்கு மேற்கே கடலோரத் தீவுகளில் குறுகலான வாயுள்ள சிறு விரிகுடாக்கள் உண்டு. மீனைத் துரத்திக்கொண்டு சின்ன வகைத் திமிங்கிலம் ஒன்று உள்ளே வந்தால் ஊரார் ஓடிவந்து வாயைக் கயிற்று வலையால் அடைத்துவிடுவார்கள். பிறகு படகிலிருந்து குறுக்குவில்லால் இரும்பு அம்புகளை எய்வார்கள். அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்த அம்பு முள் தைத்தது மாதிரி. ஆனால் அம்புகளை அவர்கள் கழுவுவதே இல்லை. போன திமிங்கிலத்தின் ரத்தம் துருவோடு சேர்ந்து காய்ந்திருக்கும், அதே அம்பு அடுத்ததற்கும். ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்தால் அம்பு பட்ட இடம் வீங்கி அழுகும், திமிங்கிலம் சோர்ந்து மிதக்கும். அதற்குப் பிறகே ஈட்டியோடு கிட்டே போவார்கள். கெட்டுப்போன சதையை வெட்டி எறிந்துவிட்டு மற்றதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கிருமி என்று ஒன்று இருப்பது தெரியாமலே தலைமுறை தலைமுறையாகக் கிருமியை அம்பில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இது நடந்தது. அந்தக் காலத்தில்தான் பெர்கனில் இந்த அம்புகளைச் சோதனைக்கூடத்தில் வைத்து ஆராயவும் செய்தார்கள்.

ஆக, பனிக்கடலிலும் மழைக்காட்டிலும் ஒரே ஏற்பாடு. பிளந்த மரத்தில் விசை, மரத்தில் வில், கொல்லும் வேலை நஞ்சுக்கு, மீதி பொறுமைக்கு.

பால்ஃபரின் வாதம் நேரானது. ஆப்பிரிக்காக் கண்டம் முழுக்கக் கைவில் இருக்கிறது. குறுக்குவில்லோ அட்லாண்டிக் கடலைப் பார்த்த மேற்குப் பக்கத்திலும் அதன் பின்காட்டிலும்தான் இருக்கிறது. அது உள்நாட்டில் தானாகப் பிறந்திருந்தால் இப்படிக் கடற்கரையை ஒட்டிப் படர்ந்திருக்காது. போர்ச்சுகீசியக் கப்பல்கள் 1470களிலேயே கபோன் கரைக்கு வந்துவிட்டன. அவற்றில் குறுக்குவில் வீரர்கள் இருந்தார்கள். கரையில் பார்த்த பொருளின் யோசனை கையிலிருந்து கைக்கு உள்காட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஐரோப்பாவில் எஃகும் பற்சக்கரமும் வந்து பழைய மரவிசையைத் துரத்திவிட்டன. நார்வே மீனவரிடமும் கபோன் வேட்டைக்காரரிடமும் அது ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டது.

இதில் எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. பரவல் கடற்கரையிலிருந்து என்பது மறுக்க முடியாத மாதிரிதான் இருக்கிறது. ஆனால் விசையின் ஒற்றுமையை வைத்தே உறவு சொல்வதில் பால்ஃபரின் பள்ளிக்கே உரிய ஓர் ஆசை தெரிகிறது. ஒன்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தும் ஆசை. ஃபாங் மக்கள் இரும்பு உருக்குவதில் கெட்டிக்காரர்கள், அவர்கள் செய்த கத்திகளைப் பார்த்தால் வாய் பிளப்போம். குறுக்குவில் என்ற யோசனை மட்டும் காதுக்கு எட்டியிருந்தாலும் விசையை அவர்களே கண்டுபிடித்திருக்கலாம். மரத்தைப் பிளப்பது தெரியாத தச்சன் உலகத்தில் எங்கே இருக்கிறான்?

ஆசியப் பக்கம் போனால் விசை மாறிவிடுகிறது, தத்துவம் மாறவில்லை. யுன்னானில் நூ நதிப் பள்ளத்தாக்கின் லீசு மக்களும் வியட்நாம் மலைவாழ் மக்களும் வைத்திருக்கும் குறுக்குவில்லில் காடிக்குக் கீழே துளை வெட்டி அதில் எலும்பாலோ கடின மரத்தாலோ ஒரு துண்டை அச்சில் ஆட விட்டிருப்பார்கள். அதைப் பின்னுக்கு இழுத்தால் அதன் முனை எழும்பி நாணைத் தூக்கிவிடும். அம்பு மூங்கில் சிம்பு, வாலில் இறகுக்குப் பதில் மடித்த இலை. நுனியில் வச்சநாபி நஞ்சு. சீனப் பேரரசின் வெண்கல விசைக்கு இந்த மலைவாசி விசைதான் தாய் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, படையைப் பார்த்து மலைவாசி செய்த எளிய நகல் என்றும் வாதிடலாம். வில்லைச் செய்து பார்த்த தச்சனின் கண்ணோடு பார்த்தால் எளியது முந்தியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது, நிரூபணம் கேட்காதீர்கள்.

நம் பக்கமும் ஒரு கிளை வந்தது. மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், மீனவர்களோடு சுற்றியலைந்து ஓடம், கட்டுமரம் பற்றியெல்லாம் எழுதியவர். தென்னிந்திய ஊதுகுழல், வளரி, குறுக்குவில் மூன்றையும் ஒன்றாக வைத்து 1924இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். வளரி நம் மறவர் சீமைக்கும் கள்ளர் நாட்டுக்கும் பழக்கமானது. குறுக்குவில் அப்படியில்லை, அது மேற்குக் கரைச் சமாச்சாரம், மலபாரில் மீன் எய்யப் பயன்பட்டது. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்து இறங்கிய அதே போர்ச்சுகீசியக் கொடிக் கப்பல்களை இங்கும் சந்தேகிக்கத் தோன்றுகிறது. கபோனில் குரங்கு, பெர்கனில் திமிங்கிலம், மலபாரில் மீன். மூன்று இடத்திலும் சிப்பாயின் கருவியைச் சமையலுக்குத் திருப்பியிருக்கிறார்கள்.

தெற்கு சுவீடனில் கிறிஸ்டியான்ஸ்டாட் ஊருக்கு வெளியே லில்லோஹுஸ் என்ற பழைய கோட்டையின் இடிபாடு இருக்கிறது. அங்கே கிடைத்த குறுக்குவில் ஒன்று இதே முளை விசைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் தண்டைப் பிளக்காமல் அடியில் தனியாக ஒரு நீள நெம்புகட்டையை மாட்டி அதில் முளையை நட்டிருக்கிறார்கள். கட்டையை மேல்நோக்கி அழுத்தினால் முளை எழுகிறது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொழுதுபோக்காக மரத்தில் குறுக்குவில் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வந்து நிற்கிறார்கள். கடையில் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை என்பதுதான் காரணம். உடைந்த கட்டிலின் சட்டம், முறிந்த மண்வெட்டிக் காம்பு, எங்கோ கழித்துப்போட்ட ஓக் பலகை எது கிடைத்தாலும் தண்டாகும். வில்லுக்கு மட்டும் கணுவில்லாத, நேர் இழை ஓடும் மரமாகப் பார்க்க வேண்டும், கணு உள்ள இடத்தில்தான் வில் முறியும். நாணைத் தடித்ததாகத் திரிக்க வேண்டும். மெல்லிய நாண் காடியின் விளிம்பைக் கத்தி போல அறுத்துவிடும். அந்த விளிம்பில் ஒரு துண்டு எலும்போ கொம்போ பதித்தால் நெடுநாள் தாங்கும்.

பழைய ஃபாங் பாணியில் தண்டையே பிளந்து செய்கிறவர்களுக்கு வரும் தொல்லை ஒன்றுதான். ஒருமுறை வாய் பிளந்த மரம் அந்த இடத்தோடு நிற்காது, ஆப்பைச் செருகும் ஒவ்வொரு தடவையும் பிளவு இழையோடு முன்னேறி வில் இருக்கும் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். பிளவு முடிகிற இடத்தில் ஈரக் கயிறோ பிரம்போ சுற்றி இறுக்கிக் கட்டினால் நின்றுவிடும். முளை தேய்ந்தால் இன்னொரு முளை சீவிக்கொள்ள வேண்டியதுதான்.